திருச்சியில் எங்கே சாப்பிடலாம்? எடப்புளி நாடு கேட்ட கேள்வி

கொல்லிமலையிலும் எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்ற விஷயம் போன கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

சொன்னவர் காசிம் ராவுத்தர். மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சியில், மிளகு மண்டி வைத்திருக்கிறார். திருச்சிக்குச் சரக்குப் போட வந்தவர், தெப்பக்குளத்துப் பக்கம் விசாரித்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க, வாராவாரம் பத்திரிகையில எழுதறது நீங்கதானுங்களா?”

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வது வழக்கம்.

“மலை மேல செம்மேட்டுச் சந்தையில நான்தானுங்க உங்க எழுத்தைப் படிச்சுக் காட்டறது. மிளகு நிறுத்து முடிச்சதும் சுத்தி உக்காந்துக்குவாங்க. அதுலயும் திருச்சியைப் பத்தி எழுதினீங்க பாருங்க... அதை மறுக்கா மறுக்கா படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. எடப்புளி நாட்டுக்காரங்க உங்களை ஒருக்கா மலைக்கு வரச் சொல்றாங்க. கையோட கூட்டிட்டு வரச் சொல்லி எங்கிட்ட உத்தரவு.”

அந்தக் கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். காலேஜில் பிள்ளைகளைச் சேர்க்க வெளியூரிலிருந்து வருகிற அப்பாமார்கள் ரயிலடியில் இறங்கி நின்று முழிக்கிறார்களே என்று பரிதாபப்பட்டு, திருச்சியில் எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று இந்தப் பக்கத்தில் விவரமாக எழுதியிருந்தேன். எந்தக் கடையில் ரவா தோசை, எந்தக் கடையில் காபி, எந்தக் கடையில் காபியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது... ஊரில் ரொம்ப நாள் அதைப் பற்றிப் பேச்சாக இருந்தது. பேசியதில் பெரும்பகுதி நான்தான்.

“எதற்காக மலைக்குக் கூப்பிடுகிறார்களாம்?” என்று கேட்டாள் என் மனைவி.

“பாராட்டத்தான். வேறெதற்கு?”

“பாராட்டுகிறவர்கள் இங்கே வந்து பாராட்டக்கூடாதா? உங்களை மலை ஏறச் சொல்வானேன்?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. மலைஜுரம் வந்துவிடும் என்று பயந்து அவள் கொடுத்த கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்பட்டேன்.

நாமக்கல் வரை பஸ். அப்புறம் கட்டை வண்டி. அப்புறம் கால். ராவுத்தர் பஞ்சாயத்து ரோட்டில் நடப்பவர் போலப் பேசிக்கொண்டே ஏறினார். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஒன்று கவனித்தேன். எதிரே பலாப்பழம் சுமந்து இறங்குகிறவர்கள் எல்லோரும், “உண்டாச்சுங்களா?” என்று என்னைக் கேட்டார்கள். நாமும்தான் கேட்கிறோம், “என்ன, சாப்பாடாச்சா?” என்று. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தெருமுனை திரும்பிவிடுகிறோம். இவர்கள் அப்படியில்லை. சுமையோடு நின்றார்கள். ஒரு பெண், நான் “ஆச்சு, ஆச்சு” என்று அவசரமாகச் சொன்னதை நம்பாமல், “என்னத்தைங்க உண்டீங்க?” என்று அடுத்த கேள்வி போட்டாள். சோதனை போடுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். சாப்பாட்டு விஷயத்தில் என் அபிப்பிராயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதால் சொல்கிறேன் — அந்தக் குழம்பை வைத்துக்கொண்டு ஒருவர் தெப்பக்குளத்து மூலையில் கடை போட்டால், பாதிக் கடைக்காரர்கள் காவேரியைத் தாண்டி ஓடிவிடுவார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்று பரிமாறிய அம்மாளின் பெயர் நல்லம்மா. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கோயில் முன்னால் இருக்கிற பாறையில் கூட்டம். எடப்புளி நாடு என்பது ஒரே ஊர் அல்ல. தோட்டத்துக்கு ஒரு வீடு, சரிவுக்கு நாலு வீடு என்று சிதறிக் கிடக்கிற குடியிருப்புகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலைவர். பட்டக்காரர் என்று சொல்கிறார்கள். கல்யாணம், வழக்கு, திருவிழா எதுவானாலும் அவர் வாய்தான் முடிவு. அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மாலையை எதிர்பார்த்தேன்.

மாலை வரவில்லை. ஒரு வாலிபன் வந்து நின்றான். நல்ல உயரம். கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே அவனுக்கு எத்தனை கவலை என்று தெரிந்தது.

“இவன் பொன்னுசாமிங்க. நல்லம்மா மவன்” என்றார் பட்டக்காரர். “கீழ பேளுக்குறிச்சியில தங்கிப் படிச்சுப் பாஸ் பண்ணிட்டான். திருச்சி காலேஜுல சேத்துக்கறம்னு சொல்லிட்டாங்க. ஹாஸ்டல்ல மட்டும் எடமில்லையாமுங்க. தனியா ரூம் எடுத்து, கடையில உண்டுக்கிட்டுப் படிக்கோணும். போறதா வேண்டாமான்னு நாடுதான் சொல்லோணும். அதுக்கு முந்தி டவுனைப் பத்தி நீங்க சொல்லுங்க சாமி. அங்க என்ன இருக்குது, எங்க உண்ணறது, எல்லாம்.”

எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தேன். என்னை நிபுணனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பையனின் காலேஜ் படிப்பு என் வாக்கில் தொங்குகிறது. இதைவிட நல்ல கைகளில் அது தொங்க முடியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தேன்.

முதலில் மலைக்கோட்டையை எடுத்தேன். ஊருக்கு நட்டநடுவில் ஒரு மலை, மலையைக் குடைந்து படிக்கட்டு, உச்சியில் பிள்ளையார், அங்கே நின்றால் காவேரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரியும் என்று விஸ்தாரமாகச் சொன்னேன். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

“ஏறி முடிக்க எத்தனை நேரமாகுமுங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“நிதானமாக ஏறினால் அரைமணி.”

அவர் சுற்றி நிற்கிற மலைகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“பாறைன்னு சொல்லுங்க” என்றார் அவர். என் மனம் நோகாதபடி மிருதுவாகத்தான் சொன்னார்.

சரி, போகட்டும் என்று பேசும் படத்துக்கு வந்தேன். வெள்ளைத் துணியில் ஆட்கள் நடமாடுவார்கள், பாடுவார்கள், அழுவார்கள், நம்மைப் போலவே பேசுவார்கள் என்றேன். இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“நாம ஒண்ணு கேட்டா பதில் சொல்லுவாங்களா?” என்றார் பட்டக்காரர்.

“அதெப்படிச் சொல்வார்கள்? அது வெறும் படம்.”

“அப்ப என்னத்துக்குங்க பேசறாங்க?”

இப்படிக் கேட்டால் எந்த மனிதன்தான் என்ன செய்வான்? காவேரிப் பாலமும் ரயிலும் கொஞ்சம் கைகொடுத்தன. கடைசியில் எனக்கு உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன் — சாப்பாட்டுக் கடைகள்.

வாசகர்களே, அன்று நான் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விடியற்காலை இட்லியில் தொடங்கினேன். ரவா தோசையின் ஓரத்து மொறுமொறுப்பைச் சொன்னேன். கொத்சுவை வர்ணித்தேன். சாயங்காலப் போண்டாவுக்கு வந்தபோது எனக்கே பசித்துவிட்டது. அந்த உற்சாகத்தில்தான் அந்த வார்த்தைகள் வாயிலிருந்து வந்தன.

“எல்லாவற்றையும்விடப் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. போகலாம், உட்காரலாம், சாப்பிடலாம், காசைக் கொடுத்துவிட்டு வரலாம். நீ யார், எந்த ஊர், ஏன் நேற்று வரவில்லை — ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அதுதான் டவுனின் பெருமை.”

பாறை முழுக்க முகங்கள் வாடிவிட்டன. நான் ஏதோ சாவுச் சேதி சொன்னதுபோல உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பட்டக்காரர் மெதுவாகக் கேட்டார். “எங்க பையன் போனா எங்க உக்காரணுமுங்க?”

எங்கே வேண்டுமானாலும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிற சில கடைகளில் ஒரு சாராருக்கு உள் அறை, மற்றவர்களுக்கு வெளி வராந்தா என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகை என்னை ஒருநாளும் தடுத்ததில்லை. ஆகையால் என் கட்டுரையில் தோசையின் ஓரம் வரைக்கும் வந்தது, பலகை வரவில்லை. அப்படிச் சில கடைகள் உண்டு என்று சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் நல்லம்மா எழுந்தாள். “ஆருமே கேக்க மாட்டாங்களா?”

“மாட்டார்கள் அம்மா.”

“எம்மவன் ஒரு நாளைக்கு உண்ண வரலேன்னா?”

உண்மையைத்தான் சொன்னேன். “அவன் உட்காருகிற இடத்தில் வேறொருவர் உட்காருவார்.”

அவள் முகத்தைப் பார்த்த பிறகு, உண்மையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பொன்னுசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய காலேஜ் என் நாக்கில் உடைந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. ராவுத்தர் பக்கம் திரும்பினேன்.

அவர் சொன்ன விவரம் இது.

எடப்புளி நாட்டை விட்டு யார் வெளியூர் போய்த் தங்கினாலும், போகிற ஊரில் அவரைக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். சோறு போட வேண்டியதில்லை. இடம் கொடுக்க வேண்டியதில்லை. தினம் பொழுது சாய்ந்ததும் போய், “உண்டாச்சா?” என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால், அடுத்த வேளை உலை வைப்பதற்கு முன்னால் தேடிக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். பேளுக்குறிச்சியில் பொன்னுசாமி படித்த காலம் முழுக்க அவனைக் கேட்டவர் இந்த ராவுத்தர்.

“ஒருநாள் தப்பினதில்லீங்க” என்றார். “பெருநாள் அன்னிக்குக்கூட தொழுதுட்டு வந்து கேட்டிருக்கறன்.”

கேட்க ஆளில்லாமல் போனால் என்ன? நான் இதைக் கேட்டிருக்கவே வேண்டாம். நல்லம்மா பதில் சொன்னாள்.

“எந்தம்பி போனானுங்க. சிலோன் தோட்டத்துக்கு ஆள் சேக்கற கங்காணி வந்து, அங்க ரொட்டி இருக்குது, துணி இருக்குது, பாக்கறதுக்கு அது இருக்குது இது இருக்குதுன்னு சொன்னான். நீங்க இப்பச் சொன்னீங்களே, அப்படித்தான் சொன்னான். கேக்கறதுக்கு ஆள் ஆருன்னு நாங்க அவனைக் கேக்கலீங்க. கேக்காம அனுப்பிட்டோம். இருக்கறானா, போயிட்டானா ஒண்ணும் தெரியலீங்க. நான் ஒவ்வொரு வேளையும் உண்ண உக்காரும்போது, அவன் உண்டானோ என்னமோன்னுதான் மொதக் கவளத்தை எடுக்கறன்.”

இத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு கண்ணைத் துடைப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதனாலதானுங்க உங்களை வரச் சொன்னது” என்றார் பட்டக்காரர். “மத்த ஊருன்னா நாங்க ரோசனைகூட பண்ணியிருக்க மாட்டோம். திருச்சிக்குத்தான் நீங்க இருக்கறீங்களே. எழுதியே குடுத்துட்டீங்களே.”

நானா? என்ன எழுதிக் கொடுத்தேன்?

பொன்னுசாமி முதல் தடவையாக வாயைத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, என் கட்டுரையின் கடைசி வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்:

“திருச்சிக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, என்னைக் கேட்காமல் எங்கேயும் சாப்பிட உட்காராதீர்கள்.”

ஆமாம், எழுதியிருந்தேன். கட்டுரையை முடிக்க ஒரு ஜம்பமான வரி வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன். நீங்கள் அதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். இந்த மலையில் சிரிக்கவில்லை. இங்கே ஒருவர் இன்னொருவரை ஏற்றுக்கொள்ளும்போது, ‘என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நீ உண்ண உட்காராதே’ என்றுதான் நாலு பேர் அறியச் சொல்வார்களாம். பத்திரிகையில் அச்சடித்து, ஊருலகம் அறிய நான் அதைச் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு ஆளுக்கல்ல.

“டவுனுக்கு வர்ற அத்தனை சனத்தையும் ஒருத்தரே கேக்கறதுன்னா லேசுப்பட்ட காரியமுங்களா?” என்றார் பட்டக்காரர். “பெரிய மனசுக்காரர்தான்னு சந்தையில அன்னிக்குப் பூராவும் இதே பேச்சுங்க.”

ராவுத்தரைப் பார்த்தேன். அவர் பலா மரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார். மனுஷருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னை மலையேற்றியிருக்கிறார். பையன் படிக்க வேண்டும், திருச்சியில் ஒரு ஆள் கிடைக்க வேண்டும், அந்த ஆளும் தானாக வாய்கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறான். விடுவாரா?

நழுவ வழி இருந்தது. அது பத்திரிகை எழுத்து, விளையாட்டுக்குச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். நியாயமான மனிதர்கள், ஒத்துக்கொண்டிருப்பார்கள். நல்லம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பொன்னுசாமி வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டாமலே சாமைக் காட்டைக் கொத்திக்கொண்டிருப்பான்.

அந்த நேரத்தில் எனக்கு அதற்கு முந்தின ஐப்பசி மழையில் வந்த ஜுரம் ஞாபகத்துக்கு வந்தது. பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் போய் உட்கார்ந்த கடைகள், நான் பத்தி பத்தியாகப் புகழ்ந்த கடைகள் — ஒன்றிலிருந்தாவது, ‘என்ன, ஆளைக் காணோமே’ என்று யாராவது வந்தார்களா? வரவில்லை. வரவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. திருச்சியில் எந்தக் கடையில் சட்னி எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும் என்பதுவரை எனக்குத் தெரியும். அங்கே என்னைக் கேட்பதற்கு என் வீட்டுக்காரியைத் தவிர ஒரு ஆள் கிடையாது. அது அந்தப் பாறையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

“கேட்கிறேன்” என்றேன்.

“இங்கயே ஒருக்கா கேட்டுருங்க சாமி. எல்லாரும் பாக்கட்டும்.”

பையனைப் பார்த்து, “பொன்னுசாமி, உண்டாச்சா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“இல்லீங்க” என்றான். கவலையில் காலையிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லையாம். பாறை முழுக்கச் சிரிப்பு. நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் சட்டியோடு வந்தாள். அவன் உண்டு முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருக்கும்படி ஆயிற்று. முறை அப்படியாம்.

வீட்டுக்குத் திரும்பியதும், “பாராட்டினார்களா?” என்று கேட்டாள் என் மனைவி.

“ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள்.”

நடந்ததைச் சொன்னேன். சோறு போட வேண்டியதில்லை, கேட்டால் போதும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... “பசித்த பிள்ளையிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் சும்மா வந்துவிடுவீர்களா?” என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. எடப்புளி நாடு யோசித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

காலேஜ் திறந்தது. பொன்னுசாமி எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு மாடி ரூமில் குடிவந்தான். தினம் பொழுது சாய்ந்ததும் போனேன், கேட்டேன். முதல் சில நாள் கூச்சமாக இருந்தது. பிறகு அந்த நேரம் வந்தால் கால் தானாக நடந்தது.

கேட்டால்தானே தெரிகிறது? ஒருநாள், “உண்டாச்சுங்க” என்று அவன் சொன்ன விதம் சரியில்லை. என்னத்தை உண்டாய் என்றேன். வாழைப்பழமாம். ஏன் என்றேன். சொல்லத் தயங்கினான். நான் பதில் வரும்வரை நிற்கிறவன் அல்லவா? நின்றேன். ரவா தோசைக் கடைக்குப் போயிருக்கிறான். உள்ளே உட்காரப் போனவனைப் பலகையைக் காட்டி எழுப்பியிருக்கிறார்கள். வந்துவிட்டான்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். உள் அறையில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். முதலாளி வந்தார். குழைந்தார். “நீங்க இருங்கோ, பையன் மட்டும் வெளியே...” என்றார். நான் எழுந்தேன். வராந்தாவிலும் நாங்கள் உட்காரவில்லை. வேறு கடைக்குப் போனோம்.

அந்த ரவா தோசையை என் பட்டியலிலிருந்து இன்றோடு எடுத்துவிட்டேன். முதலாளி இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். தோசை நன்றாகத்தான் இருக்கிறது. நான் இல்லையென்று சொல்லவில்லை. அதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் ருசியில் சேர்த்தி என்று சொல்கிறேன்.

போன வாரம் நடந்தது இது. மெட்ராஸ் மெயிலில் போகிற பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்க ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். வண்டி தாமதம். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? சிற்றுண்டிச் சாலையில் போண்டா, மறுபடி போண்டா, காபி. வண்டியை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. பொன்னுசாமியைக் கேட்கவில்லையே என்ற நினைப்பு பாதி வழியில்தான் வந்தது. ஒருநாள்தானே, பையன் சாப்பிட்டிருப்பான், காலையில் கேட்டுக்கொண்டால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என் மனைவி. அவள் பக்கத்தில் பொன்னுசாமி. முழங்கால்வரை புழுதி. சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

“இந்தப் பிள்ளை உங்களைத் தேடி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது” என்றாள்.

நான் கேட்க வராததால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கிளம்பியிருக்கிறான். எங்கே தேடுவது? அவனுக்குத் தெரிந்த திருச்சி நான் எழுதிய திருச்சிதான். கட்டுரையில் இருந்த வரிசைப்படி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். தன்னை எழுப்பி அனுப்பினார்களே, அந்தக் கடைக்கும் போயிருக்கிறான். வாசலிலேயே நின்று, “அவரு இன்னிக்கு உண்ண வந்தாருங்களா?” என்று கேட்டிருக்கிறான். கடைசியில் மலைக்கோட்டை உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

“ஒருநாள் நான் வராவிட்டால் என்ன அப்பா? அதற்காக இப்படியா அலைவது?” என்றேன்.

“கேக்கறவருக்கு ஒண்ணுன்னா நாங்கதானுங்களே தேடோணும்” என்றான். இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

“உண்டாச்சுங்களா?”

ஜங்ஷன் போண்டா தொண்டைவரை இருந்தது. மாசக் கணக்கில் கேட்கிற பக்கமே நின்று பழகியவனுக்கு, கேட்கப்படுகிற பக்கம் நிற்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். என் மனைவி இரண்டு இலை போட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திருச்சியில் இத்தனை வருஷத்தில், பசியே இல்லாமல் நான் ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.